போர்டில் ஒட்டிய ஒன்றரை ஏக்கர்

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பூமி இரண்டு அளவில் இருக்கும். மானியத்துக்காகக் கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசில் எழுதிக் கொடுப்பது ஒன்று, பெண் கேட்டுப் போகும்போது சொல்வது இன்னொன்று. இவை இரண்டும் சந்தித்துக்கொள்ளாதவரை ஊரில் சமாதானம் நிலவும். சந்திக்க வைத்தவன் அடியேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலந்தாவளம் பக்கத்துப் பெண், பெயர் கோகிலா. பார்த்த அன்றே என் மனசு அங்கேயே தங்கிவிட்டது. பெண் வீட்டில் அப்பா, "எட்டு ஏக்கராங்க, பூராவும் நெல்லு" என்று சொல்லியிருந்தார். (பொய்யில்லை. எட்டிலும் நாங்கள்தான் விதைத்தோம். பெரும்பகுதி குத்தகை நிலம் என்பதை மட்டும் காபி குடிக்கிற அவசரத்தில் விட்டுவிட்டார்.)

எனக்கோ அந்த வருடம் பொதுநலக் கிறுக்கு. நெல் மானியம் யார் யாருக்குப் போகிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? தகவல் உரிமை மனு போட்டேன். கிராம சபையில் எழுந்து தொண்டை கிழியப் பேசினேன். கடைசியில் கிருஷி ஆபீசர் சலித்துப்போய், பெயர், சொந்த நிலம், தொகை எல்லாவற்றையும் ஆபீஸ் வாசல் போர்டிலேயே ஒட்டிவிட்டார். ஊரே வந்து படித்தது. நான் எங்கள் வீட்டு வரியை மட்டும் படிக்கவில்லை. மற்றவர்களுடையதைப் படிக்கவே நேரம் போதவில்லை.

எங்களில் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால்தான் நிச்சயம். அதற்கு நாள் குறிக்கக் கோகிலாவின் அப்பா வந்தார். பஸ் ஸ்டாப்பிலிருந்து நேரே வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். நான் அவரைப் போர்டு முன்னால் நிறுத்தினேன்.

"மாமா, இதப் பாருங்க. நான் போராடி ஒட்ட வெச்சதுங்க."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஏனுங் மாப்ள, இது உங்கப்பா பேருதானுங்களே?"

"ஆமாங்க மாமா." (பெருமையாகத்தான் சொன்னேன்.)

"சிறு விவசாயி, சொந்தம் ஒண்ணரை ஏக்கரான்னு போட்டிருக்குதுங்க."

வீட்டுக்கு வந்தவர் காபி குடித்தார், மழை பற்றிப் பேசினார், நாளைப் பற்றிப் பேசாமலே கிளம்பிவிட்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கோகிலா கைவிட்டுப் போனாள் என்றே நினைத்தேன்.

மறுநாள் அவளே போன் செய்தாள்.

"உங்க ஊரைப் பாத்து எங்க ஊர்லயும் தென்னை மானியத்துக்கு ஒட்டீட்டாங்க. எங்கப்பா பேருக்கு நேரா என்ன போட்டிருக்குதுன்னு வந்து பாருங்க. சத்தம் போடாம நின்னு பாத்தாப் போதும்."

போனேன். பத்து ஏக்கர் தென்னந்தோப்பு என்று எங்களிடம் சொல்லியிருந்தவர் பெயருக்கு நேரே இரண்டு ஏக்கர்தான் இருந்தது. நான் எதுவும் பேசவில்லை, போட்டோகூட எடுக்கவில்லை. நான் அங்கே நின்றதை யாரோ போய் அவரிடம் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் வந்தது.

"சம்பந்தி, நல்ல நாள் ஒண்ணு பாத்து வெச்சிருக்கறனுங்க."

இப்போதும் எங்கள் சொந்தத்தில் பெண் பார்க்கக் கிளம்புகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் போர்டைப் பார்த்துவிடுகிறார்கள். உங்களுக்கு எத்தனை ஏக்கர் என்று யாராவது கேட்டால் அப்பா வாயைத் திறப்பதில்லை. என்னைக் கை காட்டி, "பையன் ஒட்டி வெச்சிருக்கறானுங்க, போய்ப் படிச்சுக்குங்க" என்கிறார்.