குப்பைக்குப் பஞ்சம்

பூமியைக் காப்பாற்றுகிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் நட்ட செடி முழங்கால் உயரம், அதன் பக்கத்தில் அவர் பெயர் எழுதிய பலகை ஆள் உயரம். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது எப்படி என்று பட்டப்பகலில் எல்லா விளக்குகளையும் போட்டுக்கொண்டு ஒலிபெருக்கியில் விளக்குவார். தண்ணீரின் அருமை பற்றிப் பேசிப்பேசித் தொண்டை வறண்டு, மூன்று பாட்டில் தண்ணீரைத் திறந்து மூன்றிலும் பாதி மிச்சம் வைத்துவிட்டுக் காரில் ஏறுவார். வீடு அடுத்த தெருவில். கெட்ட மனிதரா? சேச்சே. தங்கமான மனிதர். அதுதான் தொல்லையே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மொரீசியஸில் இந்த இனம் செழித்துப் பெருகியது. ஊருக்கு ஊர் ஆடைத் தொழிற்சாலை, கடற்கரைக்குக் கடற்கரை ஹோட்டல் என்று தீவு கொழித்துக்கொண்டிருந்த நேரத்தில், ‘நிலைத்த வளர்ச்சி’ என்றொரு சொல்லும் எங்கிருந்தோ விமானம் ஏறி வந்து நேரே பள்ளிக்கூடங்களில் இறங்கிவிட்டது. குட்லண்ட்ஸில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் பத்ரிநாராயணன் அந்தச் சொல்லை ஒரு கருத்தரங்கில் முதன்முதலாகக் கேட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் அதன்மேல் காதலாகிவிட்டது.

காதல் முற்றிய வேளையில் போட்டி ஒன்றும் அறிவிக்கப்பட்டது. வடக்குப் பகுதிப் பள்ளிகளில் எது ஒரு மாதத்துக்குள் அதிக மூட்டை பிளாஸ்டிக்கும் தகரமும் பாட்டிலும் சேர்க்கிறதோ, அதற்கு வெள்ளிக் கேடயம். பத்ரிநாராயணன் அந்த டிசம்பரில் ஓய்வு பெற இருந்தார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளோடு மாரடித்தும் அவர் அறை அலமாரியில் வைக்க ஒரு பித்தளைக் கிண்ணம்கூட அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. கேடயம் வேண்டும். அதில் அவர் பெயர் பொறித்திருக்க வேண்டும். ராத்திரி கண்ணை மூடினால் அதுதான் பளபளத்தது.

முதல் வாரம் பிள்ளைகள் ஊரையே வழித்து எடுத்துவிட்டார்கள். சாக்கடை ஓரம், பேருந்து நிலையம், கடைத்தெரு, கரும்புத் தோட்டத்து வரப்பு என்று ஒன்றையும் விடவில்லை. இரண்டாவது வாரம் ஊர் பளிச்சென்று இருந்தது. பத்ரிநாராயணன் தெருத் தெருவாக நடந்து பார்த்தார். ஒரு தக்கை உண்டா, ஒரு மூடி உண்டா?

குட்லண்ட்ஸ்காரர்களிடம் ஒரு பெருங்குறை இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர்கள் எதையும் எறிவதில்லை! எண்ணெய் டின்னில் கறிவேப்பிலைச் செடி, பால் டின்னில் அரிசி அளவை, ஜாம் பாட்டிலில் ஊறுகாய், சோடா பாட்டிலில் மண்ணெண்ணெய், தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள் கொண்டுவரும் துண்டுத் துணியெல்லாம் படுக்கைவிரிப்பு. இப்படி ஒரு ஊரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் சுற்றுச்சூழலை எப்படிப் பாதுகாப்பது?

போதாததற்கு க்ளோட் வேறு தொலைபேசியில் கூப்பிட்டார். கடற்கரைப் பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியர், நண்பர், போட்டியாளர்.

“பத்ரி, மோன் ஷேர், என் அருமை நண்பா! எங்க பள்ளியில மூட்டை வைக்க இடமில்ல. நேத்து ஹோட்டல்ல ஜெர்மன்காரங்க பார்ட்டி. பாட்டில் பாட்டிலா கடவுள் அள்ளிக் குடுத்துட்டார்.”

பத்ரிநாராயணன் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்தார். மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, நாட்டின் எதிர்காலத்துக்காக இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சோடா குடிக்கும்படி கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் இவ்வளவு உற்சாகமாக அவர் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு எடுத்துப்போன காலி பாட்டில்களை அவர்களுடைய அம்மாக்கள் கழுவி ஊறுகாய் போட்டுவிட்டார்கள்.

இந்த நெருக்கடியில்தான் அவர் மகள் ராஜலட்சுமியின் கல்யாணம் வந்தது. நானூறு பேருக்குச் சாப்பாடு. காலைத் தேநீரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். நானூறு பேர்!

“கமலா, வாழையிலை வேண்டாம். பிளாஸ்டிக் தட்டு போட்டுடலாம்.”

அந்த வீட்டில் சண்டை தீவின் கிரியோல் மொழியில்தான் நடக்கும். இங்கே நமக்காகத் தமிழில் நடக்கிறது. மனைவி கமலாட்சி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏன், ஊர்ல வாழை மரமெல்லாம் செத்துப்போச்சா?”

“இலை மக்கிப் போயிடும். மூட்டையில சேராது.”

“மக்கிப்போற சாமான்தான் நல்லதுன்னு போன மாசம் ரேடியோவுல நீங்கதானே பேசினீங்க?”

“அது பொதுவா சொன்னது. இது கேடயம்!”

“அயோ, மோ போன்தியே, கடவுளே! ஏழு கறி போடுற கல்யாணம். பீனிக்ஸ் ஊர்லேர்ந்து சம்பந்தி வீட்டுக்காரங்க அத்தனை பேரும் வர்றாங்க. மெத் தெகோல் வீட்டுல, பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுல, இலைக்கு வக்கில்லன்னு ராஜியோட மாமியார் சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவா. உங்க பொண்ணு தலை குனிஞ்சு நிக்கணுமா?”

“பூமியும் ஒரு தாய்தான், கமலா.”

கமலாட்சி அதற்குப்பின் கல்யாணம் வரைக்கும் அவரோடு பேசவில்லை. அவரும் கவனிக்கவில்லை. தட்டுகள் பெட்டி பெட்டியாக வந்திறங்கியிருந்தன. சிவப்புத் தட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிளாஸ்டிக் உறை. உறைகளே இரண்டு மூட்டை தேறும் என்று பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பந்தி தொடங்கியது. ஏழு கறியும் தட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. சுடச்சுட ரசம் விழுந்ததும் தட்டு நெளிந்து, சம்பந்தி ஐயாசாமியின் புது வேட்டியில் பாதி ரசம் இறங்கியது. கமலாட்சி கண்ணை மூடிக்கொண்டாள். பத்ரிநாராயணனோ பந்தலுக்கு வெளியே, பட்டுச் சட்டையில், பள்ளியின் பெயர் எழுதிய காலிச் சாக்குகளை வரிசையாக வாய்பிளக்க வைத்துக்கொண்டு, முதல் தட்டுக்காக நின்றிருந்தார்.

முதலில் வந்தது யொலாந்த். பத்ரிநாராயணனின் பள்ளி ஆசிரியை. அவருடைய சுற்றுச்சூழல் குழுவின் செயலாளர். யொலாந்த் சாக்கைத் தாண்டி நேரே குழாயடிக்குப் போய், தட்டைக் கழுவி, கைக்குட்டையால் துடைத்து, கைப்பைக்குள் வைத்தாள்.

“யொலாந்த்! சாக்கு இங்க இருக்கு!”

“இதையா எறியறது, மிஸ்யே? புத்தம் புதுசு. ஞாயித்துக்கிழமை பீச்சுக்கு எடுத்துட்டுப் போகலாம்.”

அவ்வளவுதான். குழாயடியில் கூட்டம் முண்டியது. அத்தைகள் கழுவினார்கள், சித்தப்பாக்கள் துடைத்தார்கள், ஒருத்தி குழந்தைகளின் தட்டையும் சேர்த்து ஆறாக முந்தானையில் முடிந்துகொண்டாள். தனித்தனி உறைகூட லட்டு கட்டிக்கொண்டு போக உதவியது.

“எறியுங்க! தயவுசெஞ்சு எறிஞ்சிட்டுப் போங்க!” என்று பத்ரிநாராயணன் ஒவ்வொருவர் பின்னாலும் ஓடினார்.

“தோ ஃபு, பத்ரி? உனக்குப் பைத்தியமா? நல்ல தட்டை யாராவது எறிவாங்களா?” என்றார் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு சித்தப்பா.

ஐயாசாமி ஈர வேட்டியோடு வந்தார், கக்கத்தில் ஒரு கட்டுத் தட்டு. “சம்பந்தி! எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கேன். வந்த ஆளுக்கெல்லாம் தட்டு பரிசு குடுத்து அனுப்புன மனசை இங்கதான் பார்த்தேன். வீட்டுல ரொம்பப் பெருமையாப் பேசிக்கிறாங்க!”

கமலாட்சியின் முகம் மலர்ந்தது. மகள் தலைநிமிர்ந்து புகுந்த வீட்டுக்குக் கிளம்பினாள். காலில் விழுந்து எழுந்தபோது அப்பாவின் கண்ணில் தாரைதாரையாகக் கண்ணீர். எல்லோரும் உருகிப்போனார்கள். பாதி மகளுக்காகத்தான், அவள்மேல் அவருக்கு உயிர். மீதிப் பாதி, வாயைப் பிளந்தபடி காலியாகக் கிடந்த சாக்குகளுக்காக.

கேடயம் க்ளோட்டுக்குப் போயிற்று. அடுத்த திங்கட்கிழமை, ஒரு குப்பையும் இல்லாத பள்ளி முற்றத்தில், பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் முன்னால் பத்ரிநாராயணன் தோல்விக்குக் காரணம் சொன்னார்: “நம்ம ஊர் சனங்களுக்குச் சுற்றுச்சூழல் விழிப்புணர்வே இல்லை. ஒரு பொருளைத் தூக்கி எறியக்கூடத் தெரியலை!”

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், ‘அடடா, இதை நம் அலுவலகத்தில் எல்லோரும் படிக்க வேண்டுமே’ என்று தோன்றி, ஆளுக்கொன்றாக நாற்பது பிரதி எடுத்துவர யாரையாவது அனுப்பியிருக்கிறீர்களா? கசங்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போடச் சொல்லியிருக்கிறீர்களா? அப்படியானால் வாருங்கள், வந்து உட்காருங்கள். பத்ரிநாராயணன் தமக்குப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்.