எண்பத்தாறு புள்ளி மூன்று

"எண்பத்தாறு புள்ளி மூணு," என்றாள் மனைவி, கண்ணாடிக்காரரின் போனைப் பார்த்து.

"சரியாப் பாரு."

"நேத்தும் இதான். முந்தாநாளும் இதான். இதுல சரியாப் பார்க்க என்ன இருக்கு?"

கண்ணாடிக்காரர் எடை மெஷினிலிருந்து இறங்கி அதை முறைத்தார். வழவழவென்று ஒரு கறுப்புத் தட்டு. அதில் முள்ளும் கிடையாது, எண்ணும் வராது. ஏறி நின்றால் எடை போனுக்குப் போகும், அவ்வளவுதான். உள் அறையில் மாமனார் தலைமாட்டில் அவருடைய போன் 'டிங்' என்றது. யாராவது காலை வணக்கம் அனுப்பியிருப்பார்கள்.

"முதல் நாள் வீட்ல எல்லாரும் ஒரு தடவை ஏறி நின்னாப் போதும் சார். அந்த எடையை மெஷின் மறக்கவே மறக்காது. அதை வெச்சே இன்னார்னு கண்டுபிடிச்சு, அவங்கவங்க போனுக்கு அனுப்பிடும்" என்று சொல்லித்தான் கடைக்காரப் பெண் அதை அவர் தலையில் கட்டினாள். அன்று அவர் ஏறினார், தொண்ணூற்றிரண்டு. கூடவே இருக்கும் மாமனார் ஏறினார், எண்பது. மனைவி மட்டும், "என் எடை எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அழகுக்காக இளைக்கிறவர் இல்லை அவர். இது பிழைப்பு. உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து, வெளிப்பக்கக் கண்ணாடிகளைத் துடைப்பது அவர் தொழில். பதினெட்டு வருஷமாக இருபத்திரண்டாவது மாடியில் காலை ஆட்டிக்கொண்டு சீட்டியடித்தவரை, மேஸ்திரி ஒரு நாள் கீழே இறக்கிவிட்டார்.

"பலகைக்கு எண்பது கிலோதான் கணக்கு. நீ அதைத் தாண்டி எவ்வளவோ நாளாச்சு. நாலு மாசம் டைம் தரேன். எண்பதுக்குக் கீழே வந்துட்டா போனைக் கொண்டு வந்து காட்டு, மறுநாளே மேல ஏத்திடறேன். இல்லேன்னா கடைசி வரைக்கும் ஸ்டோர் ரூம்ல வாளி எண்ணு."

ஸ்டோர் ரூமில் ஜன்னலே கிடையாது. வானத்தைப் பார்க்காமல் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அதனால் ஆரம்பத்தில் எடை மளமளவென்று இறங்கியது. எண்பத்தாறு புள்ளி மூன்று வந்ததும் குத்துக்கல் மாதிரி நின்றுவிட்டது.

எட்டு மணிக்கு மாமனார் எழுந்தார். உடனே ஓர் அலறல்.

"என்னம்மா இது! எனக்கு எண்பத்தஞ்சரைன்னு வந்திருக்கு!"

மனைவி இடுப்பில் கைவைத்தாள். "எத்தனை நாளா ஏறிக்கிட்டே இருக்கோ, எங்கிட்ட மறைச்சிருக்கீங்க. பிஸ்கட் டப்பா ஏன் காலியாச்சுன்னு இப்பத் தெரியுது!"

"ஏறல, இறங்கிட்டுத்தான் இருக்கு! முந்தாநாள் எண்பத்தஞ்சு புள்ளி ஒன்பது!"

"இன்னையிலேருந்து உங்களுக்கு டீயில சர்க்கரை கட்!"

மாமனார் முனகிக்கொண்டே சர்க்கரையில்லாத டீயைக் குடித்தார். மறுநாள் அவர் போனில் எண்பத்தைந்து. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் குறைவு. கண்ணாடிக்காரர் போனில் அதே எண்பத்தாறு புள்ளி மூன்று.

ஒரு ஸ்பூன் சர்க்கரையை விட்ட மனிதருக்குக் கிலோ கிலோவாகக் கரைகிறது. தனக்கு ஒரு கிராம்கூட அசைய மாட்டேன் என்கிறது. கண்ணாடிக்காரருக்கு வயிறு எரிந்தது. பசி வேறு.

அவர் மத்தியானம் வெள்ளரிக்காயும் அவித்த முட்டையும் மட்டும் சாப்பிட்டார். லிஃப்டை மறந்துவிட்டு, இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு இருபத்திரண்டு மாடி ஏறி இறங்கினார். போன் வாயைத் திறக்கவில்லை. முன்பெல்லாம் 'டிங்' என்று சொல்லிவிட்டாவது எண்ணைக் காட்டும். மாற்றமே இல்லாததைச் சொல்ல அதற்கே வெட்கம் போல என்று நினைத்துக்கொண்டார்.

ஜிம் மாஸ்டரிடம் போய் நின்றார்.

"உடம்பு உஷாராயிடுச்சு சார்," என்றார் மாஸ்டர். "நீங்க பட்டினி போடறீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. இருக்கறதை விடாம பிடிச்சுக்குது. அதை ஏமாத்தணும். ஒரு நாள் மூக்குமுட்டச் சாப்பிடுங்க. மறுநாள்லேருந்து கனமான எடையா தூக்குங்க."

சாப்பிடச் சொன்ன ஒரே வைத்தியம் அது. கண்ணாடிக்காரர் தட்டு தட்டாக நெய்ச்சோற்றை உள்ளே தள்ளினார், ஐஸ்கிரீம் டப்பாவைக் கரண்டி போட்டுச் சுரண்டினார், விக்கல் வந்தபிறகுதான் எழுந்தார். மறுநாள் காலை மெஷினில் ஏறினார்.

எண்பத்தாறு புள்ளி மூன்று.

"ஏறவும் இல்லையா?"

"ஏறலையே," என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து மாமனார் குரல் வந்தது.

"அம்மா... எனக்கு ஒன்றரைக் கிலோ கூடியிருக்கு. ஆனா சத்தியமா நான் எதையும் தொடலை!"

"ஐஸ்கிரீம் டப்பா?"

"அது உன் புருஷன் தின்னது!"

"அவர் தின்னா அவருக்குத்தானே ஏறணும்? உங்களுக்கு எப்படி ஏறும்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்கப்பா!"

அந்த வாரம் முழுக்க மாமனாருக்கு பிஸ்கட்டும் போயிற்று.

கண்ணாடிக்காரர் எடை தூக்கத் தொடங்கினார். மாமனார் இளைக்கத் தொடங்கினார். எண்பத்துமூன்று, எண்பத்திரண்டு, எண்பது. போனைப் பார்க்கப் பார்க்க மாமனாருக்குத் தெம்பு வந்தது, தெம்போடு பேச்சும் வந்தது.

"மாப்பிள்ளை, நீங்க உடம்பை விரட்டறீங்க. அதான் அது முரண்டு பிடிக்குது. என்னைப் பாருங்க. சோபாவுல உட்கார்ந்து மூச்சை நிதானமா விடறேன். ரிமோட்டை எடுக்கக்கூட அவசரப்படறதில்லை."

"அது போதுமா மாமா?"

"போன் என்ன பொய்யா சொல்லுது?"

அக்கம்பக்கத்தில் விஷயம் பரவி, ஓய்வுபெற்றவர்கள் மூன்று பேர் தினமும் பத்து மணிக்கு வந்து மாமனாரோடு சோபாவில் நிதானமாக உட்காரக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தே மனைவிக்குக் கை ஓய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வகுப்பில் கண்ணாடிக்காரரும் உட்கார்ந்தார். மானம் போனால் போகட்டும், பலகை கிடைத்தால் சரி என்ற நிலைக்கு வந்திருந்தார்.

ஒரு நாள் மேஸ்திரி ஸ்டோர் ரூமுக்கு வந்தார். மரியாதைக்கு எழுந்து நின்ற கண்ணாடிக்காரரின் பேன்ட் சரசரவென்று முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

"என்னய்யா இது கண்றாவி!"

"துணி இளகிப்போச்சுங்க," என்றார் கண்ணாடிக்காரர், இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்தபடி.

"போன்ல எவ்வளவு?"

"எண்பத்தாறு புள்ளி மூணு."

"அப்ப துணிதான். நல்ல துணியா வாங்கு," என்றார் மேஸ்திரி. "வெள்ளிக்கிழமையோட நாலு மாசம் முடியுது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு உன் இடத்துல வேற ஆள் பேரை எழுதிடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படாதே."

வெள்ளிக்கிழமை காலையும் அதே எண். அவர் மெஷின் மேலேயே நின்றுகொண்டு அழுதுவிட்டார். "பறவைங்ககூட என்னைத் தேடும்டி," என்றார் மனைவியிடம். அவளுக்கும் கண் கலங்கியது. ஆனால் அவளுக்கு அன்று அழ வேறு காரணமும் இருந்தது. அப்பாவின் போனில் எழுபத்தேழு.

"காரணமே இல்லாம இப்படி இளைச்சா நல்லதில்லைங்க. உள்ளுக்குள்ள என்னவோ ஏதோ. இன்னிக்கே டாக்டர்கிட்டப் போகணும்."

"எனக்கு ஒண்ணும் இல்லை. நிதானமா உட்கார்றேன், அவ்வளவுதான்," என்றார் மாமனார். ஆனாலும் உடனே சட்டையைத் தேட ஆரம்பித்தார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மூவரும் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் நடுவில், மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம், மாப்பிள்ளை தன் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம். கண்ணாடிக்காரர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு வாளிதான், வாழ்நாள் முழுக்க.

நர்ஸ் வந்து மாமனாரை மூலையிலிருந்த பழைய முள் மெஷினில் ஏற்றினாள்.

"எண்பது," என்று சீட்டில் எழுதினாள்.

"எண்பதா?" மனைவி எழுந்துவிட்டாள். "காலையில எழுபத்தேழு! இதோ பாருங்க, அவர் போன்லயே இருக்கு!"

நர்ஸ் போனை வாங்கிப் பார்த்தாள். கீழிருந்து மேலாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

"தாத்தா, காலையில உங்க வீட்டு மெஷின்ல எப்படி ஏறி நின்னீங்க? எதையாவது பிடிச்சுக்கிட்டா?"

"மெஷின்லயா?" என்றார் மாமனார். "வாங்கின அன்னிக்கு ஏறினதோட சரி. அப்புறம் நான் எதுக்கும்மா ஏறணும், நான் கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே போன்தான் தானா எடை போட்டு வெச்சுடுதே!"