பீப்பியைத் திட்ட ஓர் ஆள்

பயணி மனம் குளிரட்டும் என்றுதான் எல்லா டாக்சிக்காரர்களும் பாட்டுப் போடுவார்கள். பயணி கொதித்துப் போகட்டும் என்றே பாட்டுப் போட்டவர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் எங்கள் பீப்பி ஒருவர்தான்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று கொடைக்கானலில் யாருக்கும் தெரியாது. அவர் டாக்சியில் கிளாரினெட் கேசட் மட்டும்தான் ஓடும். திருவிழாவில் பிள்ளைகள் ஊதும் பீப்பி மாதிரி இருக்கிறது என்று எவனோ சொல்லப் போக, அதுவே பெயராகிவிட்டது. பாடகர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "மனுசன் வாயத் தொறந்தாலே பொய்தான் மாப்ள. அவனப் பாட்டுக்குள்ள வேற எதுக்கு விடணும்?" என்பார்.

காரைப் பற்றி மரியாதையாகச் சொல்வதென்றால், வயதில் மூத்தது. பின்கதவு ஒன்றைக் கயிறு கட்டி வைத்திருப்பார். கயிற்றைப் பிடித்துக்கொள்வது உட்கார்ந்தவர் பாடு. மழை வந்தால் வைப்பர் ஓடாது. முன்சீட்டில் இருப்பவர்தான் கையை வெளியே நீட்டிக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். பல காலம் அந்தப் பதவியை வகித்ததில் என் இடது கை மட்டும் கொஞ்சம் சிவப்பு. மலையில் பிறந்தும் வளைவு ரோட்டில் வாந்தி எடுக்கும் ஒரே ஆள் நான் என்பதால், வேறு பொறுப்பு எதையும் அவர் எனக்குத் தரவில்லை.

கொடைக்கானல் மேல்மலையில், போளூருக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். அப்பா பூண்டு விவசாயி. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் பீப்பி வண்டியில்தான் போவார், வருவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நாடகப் பாட்டுக் கேசட் இருக்கும். வண்டி கிளம்பியதும் சண்டை தொடங்கும்.

"ஏலே பீப்பி, இந்த ஊமைப் பாட்ட நிறுத்துலே. ராசபார்ட் பாடுறதக் கேளு."

"ஒங்க ராசபார்ட் பாடுனா என் ரேடியேட்டர் கொதிச்சிரும் மாமா."

"கொதிக்காம என்னைக்குலே போயிருக்கு?"

எங்களுக்கும் அவருக்கும் உறவு ஒன்றும் கிடையாது. மாமா, மாப்ளை எல்லாம் அந்தச் சண்டையில் முளைத்ததுதான். அப்பாவின் கேசட்டை அவர் ஒருமுறைகூடப் போட்டதில்லை. ஊரில் வேறு டாக்சியே இல்லையா என்று கேட்காதீர்கள். இருந்தன. அப்பா ஏறமாட்டார்.

போன வருடக் குளிரில் அப்பாவுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். குணமாகிவிட்டது என்று நினைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து அவருக்கு நன்றி சொன்னேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எல்லைக் கல்லுக்கு வெளியே உயிர் போனால், உடம்பு ஊருக்குள் வரக் கூடாது. கல்லடியிலேயே காரியம், அங்கிருந்து நேரே சுடுகாடு. அப்பா என் கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னைய நம்ம வீட்டுல கொண்டு கெடத்திருலே."

பீப்பி வந்தார். அப்பாவைப் பின்சீட்டில் கம்பளியோடு கிடத்தி, தலையை என் மடியில் வைத்தோம். வண்டி நகர்ந்ததும் கிளாரினெட்டைப் போட்டார்.

"மச்சான், இப்பவுமா?" என்றேன்.

"சும்மா இரு மாப்ள."

அப்பாவின் உதடு அசைந்தது. "நிறுத்துலே... பீப்பி..."

"திட்டுறாரு பாத்தியா! திட்டுற வரைக்கும் பயமில்ல" என்று சத்தத்தைக் கூட்டினார். டாக்டர் கைவிட்ட ஆளுக்குப் பீப்பி வைத்தியம் தொடங்கியது. வளைவுக்கு ஒரு திட்டு. அப்பா தேறிவிடுவார் என்றே நான் நம்பிவிட்டேன்.

மன்னவனூரைத் தாண்டி, சோலைக்காட்டு ஏற்றத்தில் கார் நின்றது. பட்டப்பகலில் மூடுபனி. பீப்பி பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டார். பாட்டை மட்டும் நிறுத்தவில்லை. அப்பாவின் திட்டு காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டுமாம். இன்ஜின் ஓடாமல் பாட்டு மட்டும் ஓடினால் பேட்டரி என்னவாகும் என்பது டிரைவருக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு மறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கிளாரினெட் எருமைக் குரலில் இழுத்து இழுத்து ஓய்ந்தது.

அப்பா கண்ணைத் திறந்தார். "அப்பாடா" என்றார்.

அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

பீப்பி பழுதைச் சரிசெய்துவிட்டார். ஆனால் ஸ்டார்ட் பண்ண பேட்டரியில் உயிர் இல்லை. எதிரே கேரட் ஏற்றி வந்த வண்டியை மறித்தோம். "ஏ, வெரசா எறங்குங்கப்பா, உசிரு கெடக்கு உள்ள!" என்று பீப்பி கத்த, சுமைக்காரர்கள் குதித்து வந்து தள்ளினார்கள். அப்பாவின் தலைக்குக் கம்பளியை மடித்து வைத்துவிட்டு நானும் இறங்கித் தள்ளினேன். நான் தள்ளியதில் என் செருப்பு மட்டும் நகர்ந்தது. மேடு தாண்டிச் சரிவில் இறங்கியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஓடிப் போய் ஏறினேன். கிளாரினெட் மறுபடி முழுச் சத்தத்தில் ஊதியது.

யாரும் திட்டவில்லை.

நாங்கள் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அப்பா நிறுத்தியிருந்தார்.

பீப்பி ஒரு வளைவு பார்த்தார். இன்னொரு வளைவு பார்த்தார். பிறகு அவரே கையை நீட்டிப் பாட்டை அணைத்தார். அந்தக் காரில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

எல்லைக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரங்கட்டினார். "மாப்ள, சேதி போயிருக்கும், கல்லுகிட்ட ஊரே நிக்கும். பீப்பி ஊதி மாமா வாயத் தொறக்கலைன்னா சோலி முடிஞ்சதுன்னு கண்டுபிடிச்சிருவாங்ய. மாமா சட்டப்பையில கேசட்டு கெடக்கும், எடு."

எடுத்துக் கொடுத்தேன். போட்டார். ராஜபார்ட் குரல் கரகரவென்று எழுந்தது. ரேடியேட்டர் கொதிக்கவில்லை.

கல்லடியில் ஊர்ப் பெரியதனக்காரர் நின்றார். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவருடையது. "ஆளு எப்பிடி இருக்காப்ல?" என்று ஜன்னலில் குனிந்தார்.

"பாட்டுக் கேக்குறாரு. எடையில பேச்சுக் குடுத்தாப் பிடிக்காது" என்றார் பீப்பி, ரோட்டைப் பார்த்தபடி.

அந்தக் குளிரில் பெரியதனக்காரர் வாயில் ஆவி, பீப்பி வாயில் ஆவி, பயத்தில் என் வாயில் அடுப்புப் புகை மாதிரி ஆவி. அப்பாவிடம் மட்டும் இல்லை. பெரியதனக்காரர் கம்பளிக்குள் கைவிட்டு அப்பாவின் பாதத்தைத் தொட்டார். கையை உடனே எடுக்கவில்லை.

"ஆமா, நல்லாத்தேன் கேக்குறாரு" என்றார் கடைசியில், எல்லோருக்கும் கேட்கும்படி. கம்பளியை இழுத்துப் பாதத்தை மூடினார். "பாட்டு முடியங்குள்ள வீட்டுக்குக் கொண்டு போங்கப்பா."

வீட்டில் கிடத்தினோம். பீப்பி காருக்குள் உட்கார்ந்து கேசட் முடியும்வரை கேட்டார். பிறகு வந்து அதை அப்பாவின் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, "நல்லாத்தான் பாடியிருக்கான்" என்றார். இதை ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் அப்பா சந்தோஷத்திலேயே செத்திருப்பார்.

அதன் பிறகு ஒரு புதுப் பழக்கம். சுடுகாட்டு வளைவு வந்தால் வேகத்தைக் குறைப்பார், கிளாரினெட்டைக் கூட்டுவார், கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பார். பிறகு கியர் மாற்றுவார். ஒவ்வொரு தடவையும் எனக்கு வாந்தி வருவதற்குப் பதில் வேறு என்னவோ வரும்.

போன ஞாயிறு பொறுக்க முடியவில்லை. பின்சீட்டில் இருந்தபடி, அப்பா குரலில், "ஏலே பீப்பி! அந்த ஊமைப் பாட்ட நிறுத்துலே!" என்று கத்திவிட்டேன். என்னைவிட எவ்வளவோ மூத்தவர். சொன்ன பிறகுதான் அது உறைத்தது.

கண்ணாடியில் அவர் கண் என்னைத் தேடியது. கை நீண்டு சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டியது.

"முடியாது மாமா" என்றார்.

எனக்கு அந்தப் பீப்பிப் பாட்டு எப்போதோ பிடித்துப் போய்விட்டது. அதை மட்டும் அவரிடம் நான் சொல்லவே போவதில்லை.