மூக்கில் ஊற்றிய நிம்மதி

தெருமுனை மாடியில் ஒரு மகான் கடை போட்டார். வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் யாரும் அவரைச் சாமியார் என்று சொல்லவில்லை. வரிசை மட்டும் படியிறங்கித் தெருவரை நீண்டது.

"கவலை வந்தா மூளைக்குள்ள ஹைப்போதலாமஸ் ஒரு பெப்டைடை விடுது. அது சுரப்பிகளைக் கிளப்பி கார்ட்டிசால்ங்கிற கவலை ஹார்மோனை ஏத்துது. நம்ம சொட்டு அதோட வாயை அடைச்சிடும்" என்பார்.

முதல் இரண்டு வாக்கியமும் உண்மை. கெட்டிக்காரப் பொய் உண்மையை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் உள்ளே வரும்.

விடிந்ததும் எச்சில் கொடுக்க வேண்டும்; மிஷின் அதில் கார்ட்டிசாலை அளந்து சீட்டு தரும். பிறகு, வாங்கிப்போன புட்டியிலிருந்து மூக்கில் சொட்டு. சாயங்காலம் மறுபடி எச்சில். காலையில் எகிறிக் கிடந்த கார்ட்டிசால் மாலைச் சீட்டில் அடங்கியிருக்கும். வேறு நேரத்தில் வந்தால் பலிக்காதாம். இரவு ஷிப்ட் பார்ப்பவர்களைப் படியேறவே விடுவதில்லை.

அந்தத் தெருவில் இருந்த அக்கா தங்கை இருவரில், வங்கியில் காசாளராக இருக்கும் அக்காவும் போனாள். அவளுக்கு ரத்தக் கொதிப்பு. பக்கவாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. மகான் சொன்னார் என்று மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

"தலை சுத்துதுன்னு சொல்றே. மாத்திரையப் போடுக்கா" என்றாள் தங்கை.

"சீட்டுல பாதிக்கு மேல குறைஞ்சிருக்குடி. மிஷின் பொய் சொல்லுமா?"

தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். மற்றவர்கள் பிரேக்கை மிதிப்பார்களா என்று பார்த்தே பிழைப்பவள். மறுநாள் அவளும் வரிசையில் நின்று எச்சில் கொடுத்தாள், புட்டியை வாங்கிக்கொண்டு வீடு வழியாக வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் மகான் கூட்டத்தின் முன் அவள் சீட்டைப் படித்தார். "இன்னைக்கு வந்ததுலயே இந்தம்மா மூளைதான் ரொம்பக் கீழ்ப்படிஞ்சிருக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். தங்கை புட்டியை மேசையில் வைத்தாள். சீல் உடைக்கப்படவில்லை.

"நான் மருந்தே போடலைங்க."

"புட்டி கூட இருந்தாலே வேலை செய்யும்மா."

"அது வீட்டு அலமாரியில இருந்துச்சு, இப்பதான் எடுத்துட்டு வந்தேன். நான் நாள் பூரா கார்ல இருந்தேன். இந்த ஹார்மோன் காலையில ஏறும், சாயங்காலம் தானா இறங்கும், ராத்திரி வேலை பாக்குறவங்களுக்கு மட்டும் மாறும்னு அக்காவோட டாக்டர் சொன்னாரு. நம்பலைன்னா நாளைக்கு எல்லாரும் சொட்டுப் போடாம வந்து எச்சில் குடுங்க. ஐயாவும் குடுக்கட்டும்."

அந்த மாலையில் மகானுக்கு மட்டும் கார்ட்டிசால் ஏறியது. அதற்குச் சீட்டு தேவைப்படவில்லை, முகமே போதும். அவசரமாக யாரையோ பார்க்க வேண்டுமென்று பின்பக்கப் படியில் இறங்கினார்.

கூட்டத்தில் நின்ற அக்கா, தங்கையின் பையைத் துழாவி, தனக்காக அவள் கொண்டுவந்திருந்த மாத்திரையை எடுத்தாள். "தண்ணி இருக்காடி?" என்றாள்.

தானாகச் சாய்கிற பொழுதைத் நான்தான் சாய்த்தேன் என்று நாளையும் ஒருவன் கடை போடுவான். அவனிடம் வாங்குமுன், ஒரே ஒரு நாள் வாங்காமல் இருந்து பாருங்கள்.