ஒன்றாம் எண்காரர் உள்ளே போகவில்லை

கிளினிக்கில் அவருடைய பெயர் வரிசையக்கா. பெற்றோர் இட்ட பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே உயிர் வாழ்ந்து வந்தது. டோக்கன் கொடுப்பது அவர் பணி. வரிசையைக் காப்பது அவர் பிறவிக் குணம். கட்டிய கணவரே கால் பிசகி நொண்டிக்கொண்டு வந்தபோதும், “பதினாலு. அப்படி ஓரமா உட்காருங்க” என்றவர் அவர். அன்று இரவு அம்மனிதர் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, “என் நம்பர் எப்ப வரும்?” என்று பணிவாகக் கேட்டாராம்.

அத்தகையவரே வரிசையை உடைக்க நேர்ந்தது ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்காக.

அவளுக்கு இருந்தது மிக அபூர்வமான நோய். பசித்த வேளையில் கொழுப்பை எரித்துச் சமாளிக்கும் வித்தை அவள் உடம்புக்குத் தெரியாது. வேளைக்கு உண்டால் மற்றக் குழந்தைகளைப் போலக் குதிப்பாள். காய்ச்சல் கண்டோ வாந்தி எடுத்தோ உணவு தங்காமற் போனால், இரத்தத்திற் சர்க்கரை மளமளவென்று இறங்கி நினைவு தப்பிவிடும், உயிருக்கே ஆபத்து. பெரிய ஆஸ்பத்திரியோ வெகு தொலைவு. ஆகவே, முதல் குளுக்கோஸ் இந்தக் கிளினிக்கில், தாமதமின்றி ஏற வேண்டும்.

காய்ச்சலோடு அவள் முதன்முறை வந்த அன்று, வரிசையக்கா அவளை நேரே உள்ளே அனுப்பினார். அவளோ தரையின் கட்டங்களை ஒற்றைக் காலால் தாண்டிக்கொண்டே போனாள்.

“குதிச்சுக்கிட்டுல்ல போகுது! இதுக்கா அவசரம்?” என்று எழுந்தார் தையற்காரர். “அப்ப நான் தலைகீழா நின்னாத்தான் உள்ள விடுவீங்களா?”

“என் முட்டி ரெண்டும் கழண்டு கையில வந்துடும் போல இருக்கு. என்னைக் கேக்க நாதி இல்ல” என்றார் ஓய்வு பெற்ற கண்டக்டர்.

பூசலைத் தீர்க்க எண்ணிய வரிசையக்கா, மறுநாள், ‘அபூர்வ நோயாளிகளுக்கு முன்னுரிமை’ என்று அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

அன்று கிளினிக்குக்கு வந்தவர்களுள் சாதாரண நோயாளி ஒருவர்கூட இல்லை.

“எனக்கு வந்திருக்கிறது சும்மா சளி இல்லக்கா. இடது மூக்குல மட்டும்தான் ஒழுகுது. எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?”

“என் முட்டி மழைக்கு முன்னாடி வலிக்காது, மழை விட்ட பிறகுதான் வலிக்கும். டாக்டரம்மாவே ஆடிப்போயிடுவாங்க!”

உண்மையை விளக்கினால் ஊர் திருந்தும் என்று நம்பி, வரிசையக்கா டாக்டரம்மாவையே கூடத்துக்கு அழைத்து வந்தார். அவரும் பொறுமையாக விளக்கினார்: “நேரத்துக்குச் சாப்பாடு போகலைன்னா அந்தக் குழந்தை சோர்ந்து போயிடும். வேர்க்கும், எரிச்சல் வரும்...”

“டாக்டரம்மா! எனக்கும் அதேதான்!” என்று கூவினார் தையற்காரர். “மத்தியானச் சாப்பாடு தள்ளிப் போச்சுன்னா எம் பக்கத்துல ஆள் நிக்க முடியாது!”

கூடம் முழுவதும் கைகள் உயர்ந்தன. சாப்பாட்டு டப்பாவுடன் வாசலில் நின்றிருந்த வரிசையக்காவின் கணவரும் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார்.

அட்டை அன்றே கிழிந்தது. அந்த நேரம் பார்த்து, மருந்து வாங்குவதற்காகச் சிறுமியோடு தாய் வந்து நின்றார்.

“இனிமே நானும் டோக்கன் எடுத்தே வரேங்க்கா. நாலு பேர் வாயில விழுந்து என் பொண்ணு உள்ள போக வேண்டாம்.”

“வாந்தி எடுத்தா காத்திருக்கக் கூடாதும்மா! விளையாட்டா?”

“தெரியும்க்கா. ஆனா இவ என்ன கேக்குறா தெரியுமா? ‘நான் நடிக்கிறேனாம்மா?’ன்னு கேக்குறா. நான் என்ன சொல்ல?”

கூடத்தில் ஒருவரும் இருமவில்லை. வரிசையக்காவுக்குக் கவலை பிடித்தது. அடுத்த முறை இந்தத் தாய் ரோஷத்தோடு கடைசியில் அமர்ந்து, குழந்தை மடியிலேயே சாய்ந்துவிட்டால்?

அக்கவலைக்கு நடுவே புதுத் தலைவலி ஒன்று முளைத்தது. திங்களன்று விடியுமுன்பே வந்து முதல் டோக்கனை வாங்கிய கண்டக்டர், எண்ணைக் கூப்பிட்டபோது அசையவில்லை.

“ஒண்ணாம் நம்பர், உள்ள போங்க.”

“மத்தவங்க போகட்டும்மா. எனக்கு இன்னும் வலி வரலை.”

“வலி வராம எதுக்குங்க வந்தீங்க?”

“வரும்னு ஒரு நம்பிக்கைதான்.”

கிளினிக் சாத்தும்வரை அவர் அசையாமல் அமர்ந்திருந்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார். மறுநாள் பால்காரர், அதற்கு மறுநாள் பள்ளி ஆசிரியை. ஒன்றாம் எண்ணை வாங்குவதும், உள்ளே போக மறுப்பதும் நாளும் நடந்தன. ஒன்று முடியாமல் இரண்டைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் வரிசையக்காவுக்கு உடம்பு கூசியது. தம்மைக் கேலி செய்யவே ஊர் கூடிச் சதி செய்கிறது என்று முடிவு கட்டினார். பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் பால்காரரைக் கையைப் பிடித்து உள்ளே தள்ளினார். டாக்டரம்மா அவரைச் சோதித்துவிட்டு, “இவருக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் பிரஷர் ஏறியிருக்கு” என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒன்றாம் எண் தையற்காரரிடம் இருந்தது. முப்பது பேர் சேர்ந்துவிட்ட வேளையில் அத்தாய் வந்தார். சிறுமி இன்று குதிக்கவில்லை. துவண்ட துணிபோலத் தாயின் தோளிற் கிடந்தாள்.

“காலையிலேர்ந்து சர்க்கரைத் தண்ணிகூட நிக்கலக்கா. டோக்கன்...”

“டோக்கன் கெட்டுது போங்க! உள்ள வாங்க!” வாழ்வில் முதன்முறையாக அச்சொல் வரிசையக்காவின் வாயிலிருந்து வந்தது.

தாய் கூடத்தை ஒருமுறை பார்த்தார். கால் எழவில்லை.

“அக்கா,” என்றார் தையற்காரர், “இப்பக் கூப்பிடுங்க ஒண்ணாம் நம்பரை.”

“இந்த நேரத்திலயா உங்களுக்கு வலி வரணும்?”

“கூப்பிடுங்கன்னா கூப்பிடுங்க!”

“நம்பர் ஒண்ணு!” என்று அலறினார் வரிசையக்கா.

தையற்காரர் தம் டோக்கனைச் சிறுமியின் சின்ன விரல்களுக்குள் வைத்து மூடினார். “உன் நம்பரைத்தான் கூப்பிடுறாங்க பாப்பா. அம்மாவை ஓடச் சொல்லு.”

தாய் ஓடினார். ஊசி ஏறியது, குளுக்கோஸ் இறங்கியது. கூடத்தில் முப்பது பேர் தத்தம் நோயை மறந்து கதவையே பார்த்திருந்தனர். ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது, சிறுமி ஸ்ட்ரெச்சரிற் சாய்ந்து அமர்ந்தபடியே வந்து, “எல்லாரும் ஏன் என்னையே பாக்குறீங்க?” என்று அதட்டினாள். கூடம் எழுந்து கைதட்டியது. கண்டக்டர் பழைய விசிலை எடுத்து ஊத, வண்டி புறப்பட்டது.

வரிசையக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தையற்காரரிடம் வந்தார். “பெரிய மனசுங்க உங்களுக்கு. ஆனா உங்க வலியை இன்னும் பாக்கலையே. முப்பத்தொண்ணு தரேன், உட்காருங்க.”

அப்போதுதான் சாப்பாடு கொண்டு வந்த தையற்காரரின் மனைவி, சத்தமாகச் சிரித்தார்.

“வலியா? இவருக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்கும்! என்னைக்கு அந்தக் குழந்தை வந்தாலும் ஒண்ணாம் நம்பர் அவளுக்குன்னு ஒருத்தர் கையில தயாரா இருக்கணும்னு, ஊரே முறை போட்டுல்ல உட்கார்ந்திருக்கு!”

வரிசையக்கா தம் மேசைக்குத் திரும்பினார். பிறகு டோக்கன் கட்டை எடுத்து, மறுநாளுக்கான முதல் டோக்கனைக் கிழித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

“நாளைக்கு யாரும் கடையை மூடிட்டு வர வேண்டாம்,” என்றார் அமைதியாக. “இனிமே இங்க வரிசை ரெண்டுலேர்ந்துதான் தொடங்கும்.”