சவரக் கண்ணாடியில் ஒரு சர்வாதிகாரி

காலை ஏழே காலுக்கு, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, நான் சர்வாதிகாரி ஆவது என்று தீர்மானித்தேன். மீதிப் பாதியைச் சவரம் செய்யக்கூடப் பொறுமை இல்லை. அவ்வளவு பரபரப்பு.

காரணம், சவரக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு துண்டுச் சீட்டு. எங்கள் வீட்டில் அப்போது சீட்டு ஒட்டாத இடமே கிடையாது. அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலைக்கு என் மனைவி தேர்வு எழுதப் போகிறாள். மூன்று வாரம்தான் பாக்கி. பழங்காலம், இடைக்காலம், உலக மதங்கள் என்று எல்லாவற்றிலிருந்தும் முக்கியமான சொற்களுக்கு விளக்கம் தெரிந்திருக்க வேண்டுமாம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் ஆசைப்பட்ட வேலை அது. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் மயிரிழையில் தவறிவிட்டது. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

அதனால் ஃப்ரிட்ஜின் மேல் 'சிகுராட்: மெசபடோமியாவின் படிக்கட்டுக் கோபுரம்'. அரிசி டப்பாவில் 'நிலமானிய முறை'. குளியலறைக் கதவில் 'நிர்வாணம்: ஆசைகள் அவிந்த நிலை, பௌத்தம்'. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் இதன் முதல் சொல்லை மட்டும் படித்துவிட்டு, தலையைக் குனிந்தபடியே திரும்பிப் போனார். நான் சாய்ந்து உட்காரும் சோபாவின் முதுகில் 'மம்மி: கெடாமல் பதப்படுத்திய உடல், எகிப்து'. அது தற்செயல் என்றாள். நம்பினேன்.

என் கண்ணாடியில் இருந்தது இது: 'சர்வாதிகாரி: ரோமானியக் குடியரசில் ஆபத்துக் காலத்தில் மட்டும் நியமிக்கப்பட்டவர். முழு அதிகாரமும் இவர் ஒருவரிடமே. அதிகபட்சம் ஆறு மாதம்.'

முழு அதிகாரம். இன்னொரு தடவை படித்தேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று கேட்டுக் கேட்டு ஊரில் பாதிப் பேரின் பார்வையைச் சரிசெய்தவன். வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதே மேலிடத்து முடிவு.

நுரையோடு சமையலறைக்குப் போனேன்.

"இந்த வீட்டுக்கு இப்ப ஆபத்துக் காலம்," என்றேன்.

"முதல்ல மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க."

"உன் பரீட்சை முடியற வரைக்கும் ஒரே தலைமை வேணும். நான் சர்வாதிகாரி ஆகப்போறேன்."

சண்டை வரும் என்று பதினோரு பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அடுப்பைத் தணித்தாள்.

"நல்ல யோசனைங்க."

"என்னது?"

"நீங்களே முன்வர்றப்ப நான் ஏன் குறுக்க நிக்கணும்? இந்த நிமிஷத்துலேர்ந்து முழு அதிகாரமும் உங்களுக்குத்தான். இந்தாங்க."

கரண்டியை நீட்டினாள். செங்கோல் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பதினோரு பதில்களும் வீணாய்ப் போயின.

"ஒரு சம்பிரதாயம் இருக்கு," என்றாள். "சர்வாதிகாரி பதவிக்கு வந்ததும் குதிரைப்படைத் தலைவர்னு ஒருத்தரை நியமிக்கணும். ரோம்ல அப்படித்தான்."

"அவ்வளவுதானே. நீதான் குதிரைப்படைத் தலைவர்."

"ரொம்ப நன்றிங்க. இன்னொண்ணு. சர்வாதிகாரி அனுமதி இல்லாம குதிரை ஏறக் கூடாது."

"எனக்கே அனுமதியா? யார் கொடுக்கணும்?"

"மக்கள். நம்ம வீட்டுல மக்கள்னு யார் இருக்கா? ஒரு சர்வாதிகாரி, ஒரு குதிரைப்படைத் தலைவர். கணக்கு முடிஞ்சுபோச்சு."

"போகட்டும், நம்மகிட்ட குதிரையும்தான் இல்லை," என்று பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

அவள் ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

"நூலகத்துக்குப் போறேன். சாயங்காலம்தான் வருவேன்."

"சமையல்?"

"முழு அதிகாரம்."

"துணி?"

"முழு அதிகாரம்."

"பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்க்காரர் வருவாரே. அவர்கிட்ட என்ன சொல்லணும்?"

"அதை நான் சொன்னா உங்க அதிகாரத்துல தலையிட்ட மாதிரி ஆயிடும்ங்க."

அன்று கடைக்கு விடுமுறை. முதல் ஆணை, முட்டை பொரியல். இரண்டாவது ஆணையும் முட்டை பொரியல்தான், எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. மூன்றாவது ஆணைப்படி துணிகள் அனைத்தும் ஒரே தடவையில் இயந்திரத்துக்குள் போயின. வெளியே வந்தபோது என் வெள்ளைச் சட்டைகள் ஆறும் இளநீலம். குழாய் ரிப்பேர்க்காரர் ஒரு குழாயை அடைத்து இன்னொன்றைத் திறந்துவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் சமையல், பிறகு கடைக்கு நடை, திரும்பி வந்ததும் பாத்திரம். நான்காம் நாள் எதிர்வீட்டுப் பல் டாக்டர் வழிமறித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு கேரம் ஆடுவது என் வழக்கம்.

"என்ன சார், நடந்து போறீங்க? சட்டையெல்லாம் புது நிறமா இருக்கு?"

"வீட்டுல இப்ப நான்தான் சார் எல்லாம். முழு அதிகாரம்."

"கையில கரி தெரியுதே."

"அதிகாரம்னா சும்மாவா?"

"சரி, ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு வந்துடுங்க."

எங்கள் மாடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "சர்வாதிகாரி இத்தாலியைத் தாண்டிப் போகக் கூடாதுங்க, டாக்டர்."

"எங்க வீடு என்னம்மா வெளிநாடா?"

"எங்க கேட்டைத் தாண்டினா எல்லாமே வெளிநாடுதான். கடைக்கு மட்டும் விசா கொடுத்திருக்கேன்."

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி நானும்தான் ஊசி போடுறேன். ஆனா இப்படி வலியே தெரியாம போட எனக்கு வரலை சார்," என்றார்.

ஒன்பதாம் நாள் பொறுமை போய்விட்டது.

"இது அநியாயம். நான் மேல்முறையீடு பண்ணப்போறேன்."

"தாராளமா பண்ணுங்க. ஆனா யார்கிட்டங்க? உங்களுக்கு மேலதான் யாருமே இல்லையே."

வெங்காயம் நறுக்கினேன். நறுக்கிக்கொண்டே சும்மா ஒரு கேள்வி கேட்டேன். "பாப்பிரஸ்?" "நைல் நதிக்கரை நாணல், அதுல செஞ்ச தாள்." "கலீபா?" "நபிக்கு அப்புறம் வந்த இஸ்லாமியத் தலைவர்." "பானை ஓட்டு வாக்கெடுப்பு?" "ஏதென்ஸ். உடைஞ்ச பானை ஓட்டுல பேர் எழுதி ஒருத்தரைப் பத்து வருஷம் ஊரை விட்டு அனுப்புறது. ஏங்க, ஆசையா இருக்கா?" டக் டக்கென்று பதில் வந்தது. எனக்கே உற்சாகம் தொற்றிக்கொண்டது. தினமும் சமையல் முடியும்வரை கேள்வி, பதில். இவ்வளவும் தெரிந்த ஒருத்தியிடம் நான் பதினான்கு வருடமாகச் சாவி எங்கே, சீப்பு எங்கே என்று மட்டுமே கேட்டிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா என்னங்க பண்றது?"

"போகாது. இது என் உத்தரவு," என்றேன்.

நான் போட்ட உத்தரவுகளிலேயே அப்படியே நிறைவேறியது அது ஒன்றுதான். பத்து நாள் கழித்துக் கடைக்குப் போன் வந்தது. முதலிடம், மறுநாளே வேலையில் சேர வேண்டுமாம். வாடிக்கையாளர் ஒருவரை ஒரு கண்ணைப் பொத்தியபடியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவள் வாசலில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது. வெங்காயம் காரணமில்லை.

மூச்சு சீரானதும் காரியத்துக்கு வந்தேன். "ரோம்ல ஒரு விவசாயி சர்வாதிகாரியா இருந்து எதிரியைத் தோக்கடிச்சிட்டு, பதினாறாம் நாளே ஏர் ஓட்டப் போயிட்டாராம். மிக்ஸி மேல நீதான் ஒட்டியிருந்தே. ஆபத்து தீர்ந்துபோச்சு. நானும் பதவி விலகறேன். சாவியைக் கொடு."

"காலையில பேசிக்கலாங்க," என்றாள்.

காலையில் சவரம் செய்யப் போனேன். வீட்டில் இருந்த சீட்டுகளையெல்லாம் கிழித்துவிட்டிருந்தாள். என் கண்ணாடியில் மட்டும் புதிதாக ஒன்று. 'ஆயுட்காலச் சர்வாதிகாரி: ரோமின் மாபெரும் தலைவர் ஒருவருக்குக் கிடைத்த பெருமை.'

தேர்வுதான் முடிந்துவிட்டதே, இனி யார் படிக்க? அப்போதுதான் என் தொழில் எனக்கு உதவிக்கு வந்தது. சீட்டு சரியாக என் கண் மட்டத்தில் இருந்தது. எழுத்துகள், மூக்குக்கண்ணாடி போடாமல் நான் படிக்கும் அளவு. என் தோள் உயரமே இருக்கும் அவள் ஸ்டூல் போட்டு ஏறித்தான் ஒட்டியிருக்க வேண்டும். முதல் சீட்டும் இதே இடத்தில்தான் இருந்தது.

சீட்டைப் பிய்த்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவள் வேலையில் சேர, கையில் சாவியோடு கிளம்பி நின்றாள்.

"எனக்கும் வரலாறு தெரியும்," என்றேன். "அந்த ஆயுட்கால ஆளை, கூடவே இருந்தவங்களே கத்தியால குத்திட்டாங்க. அதை ஏன் எழுதலை?"

"உங்களுக்கு அந்தப் பயமே வேண்டாங்க," என்றாள். "கத்தி உங்க கையிலதானே இருக்கப்போகுது. வெங்காயத்தை மட்டும் கொஞ்சம் பொடியா நறுக்குங்க."

பொடியாகத்தான் நறுக்கினேன்.