பெரியவளுக்கு ஒரு பெயர் வேண்டும்

பாசத்திற்கும் மரியாதைக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. உன் முழங்கால் வலி குறைந்ததா? மாமா காலை நடையை விடாமல் நடக்கிறாரா? இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் கை போனது. ஆனால் ‘யாவரும்’ என்றால் எத்தனை பேர் என்பதில்தான் இப்போது எங்கள் வீட்டில் சிக்கல். ஆகவே நலம் விசாரிப்பதை இத்துடன் நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அவசரமாக ஒரு பெயர் வேண்டும். பெண் பெயர். இருபதாம் தேதிக்குள் வந்தாக வேண்டும். நீ அத்தை முறை என்பதால் உன்னிடம் கேட்கிறேன். யாருக்கு என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய காகிதம்.

என் மகள் அமெரிக்காவில்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றது உனக்குத் தெரியும். அந்த விண்ணப்பத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடமாகப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் படிவங்களோடு குப்பை கொட்டுகிறவன் நான், எனக்கே தலை சுற்றியது. பள்ளி மதிப்பெண் கேட்டார்கள், கொடுத்தோம். ஆங்கிலப் பரீட்சை எழுதச் சொன்னார்கள், எழுதினாள். மூன்று ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள், கணக்கு டீச்சரின் வீட்டு வாசலில் நான்கு நாள் நின்று வாங்கினோம். கடைசியில், நீ யார் என்று அறுநூற்றைம்பது சொல்லுக்குள் ஒரு கட்டுரை வேண்டுமாம். எங்கள் அலுவலகத்தில் இதே கேள்விக்கு ஒன்றரை அங்குலக் கட்டம்தான் ஒதுக்கியிருக்கிறோம், அதிலேயே பாதி மிச்சமாகும். அவள் பாவம், தெருவில் எல்லாருடைய குடையையும் வாங்கி வந்து கம்பி மாற்றிக் கொடுப்பாளே, அதைப் பற்றி அழகாக எழுதினாள். அதை எடுத்துக்கொண்டு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் கன்சல்டன்ட்டிடம் போனோம். கண்ணாடி அறை, சுவர் முழுக்க உலக வரைபடம், அதில் எங்கு பார்த்தாலும் குண்டூசி. அவர் படித்து முடித்து டையைத் தளர்த்திக்கொண்டார்.

“குடை எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா படிக்கிறவங்க எந்த இடத்துல அழணும்?”

“குடை ரிப்பேருக்கு எதுக்குங்க அழணும்?”

“அதான் சார் பிரச்சினை. ஒரு இழப்பு வேணும். தாத்தா மட்டும் வேண்டாம், இந்த வருஷம் என் கைவழியா நாற்பத்தொரு தாத்தா போயிட்டாங்க. கூடப் பிறந்தவங்கன்னா நல்லா எடுபடும்.”

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே செய்யலாம் என்கிறார்கள், ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு சீட் வாங்கக் கூடாதா? அன்று மாலையே உட்கார்ந்து, என் மகளுக்கு இரண்டு வயது மூத்த அக்கா ஒருத்தி இருந்ததாகவும், பதினாறு வயதில் காய்ச்சல் கண்டு போய்விட்டதாகவும் நானே எழுதினேன். மகள் பக்கத்தில் நின்று, “இல்லாத ஆளைச் சாகடிக்கலாமாப்பா?” என்று கேட்டாள். “இல்லாத ஆள்தானேம்மா, யாருக்கு என்ன நஷ்டம்?” என்றேன். அந்த வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும். எழுத எழுத எனக்கே சுவை தட்டிவிட்டது, அக்கா. உருளைக்கிழங்கின் தோலை அறுபடாமல் ஒரே நாடாவாகச் சீவுவாள் என்று எழுதினேன். வேலை செய்யும்போது மூக்காலேயே ஏதோ முனகிப் பாடுவாள் என்று எழுதினேன். தலைக்குக் குளித்தால் ஈரக்கூந்தலோடு வீடு முழுக்கச் சொட்டச் சொட்ட நடப்பாள் என்றும், நான் வேலையிலிருந்து வந்ததும் முதலில் “சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்பாள் என்றும் எழுதினேன். முகத்தைப் பற்றி எழுதலாம் என்று பார்ப்பதற்குள் அறுநூற்றைம்பது சொல் முடிந்துவிட்டது.

அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. இடம் உண்டு, கட்டுரையைப் படித்து எங்கள் குழுவில் அழாதவர் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மகள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரே பெண், போனால் எப்போது பார்ப்பேன்? அதற்குள் கன்சல்டன்ட் அடியிலிருந்த சின்ன எழுத்தைப் படித்துக் காட்டினார். இறந்துபோன அக்காவின் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் இரண்டையும் இருபத்தைந்தாம் தேதிக்குள் அனுப்பாவிட்டால் இடம் ரத்து. அழுததற்கும் அத்தாட்சி கேட்கிற தேசம் போலிருக்கிறது.

மற்ற தகப்பன் என்றால் அத்தோடு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எனக்கோ பேரேடு கைக்கெட்டும் தூரத்தில். மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் இருபது வருடத்துக்கு முந்தைய பிறப்புப் பேரேட்டை இறக்கினேன். ஒரு பக்கத்தின் அடியில் அந்தக் காலத்து அதிகாரி விட்டுவைத்த வெற்று வரி ஒன்று இருந்தது. பெண் குழந்தை, எடை மூன்று கிலோ நூறு, தகப்பன் பெயர் என் பெயர், தாய் பெயர் என் மனைவி பெயர். குழந்தையின் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டேன். அது வழக்கம்தான், பாதிப் பேர் பெயரைப் பிறகு வந்துதான் சேர்ப்பார்கள். பிறகு இறப்புப் பேரேட்டைத் திறந்து வரிசை எண் போட்டேன், தேதி போட்டேன், பெயர்க் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பெயரில்லாத இறப்பு என்று நாங்கள் எழுதுவது கேட்பாரற்றுக் கிடக்கும் பிணங்களுக்கு மட்டும்தான். ‘அநாமதேயம்’ என்று போட வேண்டும். என் பெண்ணுக்கு என் கையால் அதை எழுத மனம் வரவில்லை. இல்லாத பெண்தான், இருந்தாலும் என் பெண் இல்லையா? நாளைக்கு ஒரு பெயர் யோசித்து எழுதிக்கொள்ளலாம் என்று பேரேட்டை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் பால்காரரிடம் போனால், “பெரியவ வாங்கிட்டுப் போயிட்டாளே சார்,” என்றார். எந்தப் பெரியவள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்குள் வந்தால் மகள் வெளுத்துப்போய் நிற்கிறாள். “அப்பா, என் கட்டில்ல நான் படுக்காத பக்கம் சூடா இருக்கு,” என்றாள். சாப்பாட்டு மேசையில் என் மனைவி நான்கு தட்டு வைத்திருந்தாள். கட்டுரையைப் பற்றி அவளிடம் நாங்கள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை, அக்கா. நாலாவது தட்டு யாருக்கு என்றேன். “என்ன கேள்வி இது? ரெண்டு பெத்ததுல பெரியவளாவது கூடமாட ஒத்தாசை பண்றா. உங்க சின்னவ குடைக்கம்பியைத் தவிர எதைத் தொடுறா?” என்றாள். அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தேன். தொட்டிக்கு முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முதுகு நனைய ஈரக்கூந்தலோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். உருளைக்கிழங்குத் தோல் அறுபடாமல் தரை வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது.

இது நடந்து பதினோரு நாள் ஆகிறது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்று கேள்விப்பட்டிருக்கிறோம், அந்தப் பூதம் பாத்திரம் தேய்க்கும் என்று யாரும் சொல்லவில்லை. தையல்காரர் அளவு கேட்காமலே இரண்டு சட்டை தைத்து அனுப்பிவிட்டு, “பெரியவளுக்குக் கை அரை இஞ்சு கூட வெச்சிருக்கேன்,” என்கிறார். தெருவில் எல்லாரும் என் ஒரே மகளைச் சின்னவள் என்று கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். முதல் இரண்டு நாள் என் அறையில் வந்து நடுங்கிக்கொண்டு படுத்தவள், மூன்றாம் நாள், “அப்பா, அவ என் சீப்பை எடுக்கிறா, சொல்லி வைங்க,” என்று புகார் கொண்டுவந்தாள். இப்போது இரண்டு பேரும் ஜன்னல் பக்கத்துக் கட்டில் யாருக்கு என்று சண்டை போடுகிறார்கள். சண்டையில்கூட மூத்தவள் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறாள். இதுவரை ஒருவரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை, அக்கா. நான் சுற்றிக்கொண்டு முன்னால் போனால், அங்கேயும் கூந்தல்தான் இருக்கிறது. தப்பு அவள்மேல் இல்லை. சொல் போதாமல் போனது என் தப்பு.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “நீ யாரும்மா?” என்று கேட்டுவிட்டேன். “நீங்கதானேப்பா எழுதினீங்க,” என்றாள், முனகுவதை நிறுத்தாமலே. பிறகு, “ஏன் முகம் வாடியிருக்கு? சாப்பிட்டீங்களாப்பா?” என்றாள். திரும்பிப் பார்க்காதவளுக்கு என் முகம் வாடியது எப்படித் தெரிந்தது? இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், இருபத்தாறு வருடமாக வேலை முடிந்து வருகிறேன், இந்த வீட்டில் வேறு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

எங்கள் அலுவலகத்தில் எழுதியதை அழிப்பது என்பது கிடையாது. பிறப்புப் பேரேட்டில் ஏறியவரை இறப்புப் பேரேடுதான் இறக்க முடியும். அதை எழுதினால் சான்றிதழும் கிடைக்கும், சின்னவள் அமெரிக்கா போவாள், வீடும் பழையபடி ஆகும். அதற்கு ஒரு பெயர் வேண்டும். நான் வைத்தால், வைத்த பிறகு அதை இறப்புப் பேரேட்டில் எழுதக் கை வராது. ஆகவே நீ ஒரு பெயரை எழுதி அனுப்பு. நமக்குத் தெரிந்த யாருடைய பெயராகவும் இருக்க வேண்டாம். கூப்பிடுவதற்கு இனிமையாகவும் இருக்க வேண்டாம். வாயில் நுழையாத பெயராக இருந்தால் ரொம்ப நல்லது. கூடவே, பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு விழித்திருந்தவள் நீ. எனக்குப் பிறந்தது ஒரு பெண்தான் என்று ஒரு வரி உன் கையால் எழுதிப் போடு. வெளியூரில் இருக்கும் நீ ஒருத்திதான் இன்னும் சரியாக எண்ணக்கூடியவள்.

மாமாவுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், எண்ணிக்கை கூடாமல் குறையாமல் நீடூழி வாழ வேண்டும்.

உன் ஆசியை என்றும் வேண்டும்,
தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. உறையில் போட்ட கடிதத்தைப் பெட்டியில் போடாமலே நான்கு மாதம் ஓட்டிவிட்டேன். பெயர் அனுப்ப வேண்டாம். சான்றிதழும் தேவைப்படவில்லை. பெரியவளே அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டு, ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன், என் தங்கைக்குக் கற்பனை கொஞ்சம் ஜாஸ்தி’ என்று சொல்லிவிட்டாளாம். அவர்கள் சிரித்துவிட்டு, கற்பனைக்காகவே இடம் கொடுத்துவிட்டார்கள். போன மாதம் சின்னவளை விமானம் ஏற்றிவிட்டு அழுதுகொண்டே வந்தோம். கதவைத் திறந்த பெரியவள், “சாப்பிட்டீங்களாப்பா?” என்றாள். மறுநாளே போய்ப் பிறப்புப் பேரேட்டில் அவளுக்கு ஒரு நல்ல பெயராக எழுதிவிட்டேன். அன்று சாயங்காலம் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு உன் மூக்கு, அக்கா. பாவம்.

இப்போது அவளும் அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கிறாள். கட்டுரையைப் படித்துவிட்டு, “சின்னவளோடதைவிட நூறு மடங்கு சார், அழுதுட்டேன்,” என்றார் கன்சல்டன்ட். கடல் கடந்து படிக்கப் போன தங்கை இறந்துபோனதைப் பற்றி எழுதியிருக்கிறாள். “அவ நல்லாத்தானேம்மா இருக்கா?” என்று கேட்டேன். “கட்டுரைக்குத்தானேப்பா,” என்றாள். இன்று எனக்கு லேசான காய்ச்சல். “நீங்க படுங்கப்பா, லீவு லெட்டரை நானே ஆபீஸ்ல கொடுத்துட்டு வரேன்,” என்று காலையில் போனவள் இன்னும் வரவில்லை. பேரேட்டு அலமாரிச் சாவி என் சட்டைப்பையில் இருக்கும், இப்போது இல்லை. இறப்புப் பேரேட்டில் எழுதச் சின்னவளுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. பெரியவளுக்குக் கை நடுங்கும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. சின்னவளுக்கு நீயே ஒரு போன் போட்டுப் பார். எடுத்தால் உடனே எனக்குச் சொல். ஒருவேளை இதைப் படிக்கும்போது ‘எந்தச் சின்னவள்?’ என்று உனக்குத் தோன்றினால், தயவுசெய்து பதில் போடாதே.